தட்டில் வைத்த கத்தரிக்காய்

கால அட்டவணை போடும் நாளன்று முதல்வர் என்னை அழைத்து வரச் சொன்னார். தமிழ்த்துறையில் இத்தனை ஆண்டுகளைக் கழித்தவளுக்கு அந்த அழைப்பின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. சூன் மாதம் வந்தால் எங்களிடமிருந்து ஏதேனும் ஒன்று போகும். ஓராண்டு சில பாடவேளைகள் போயின. ஓராண்டு ஓர் அறை போயிற்று. இருமுறை ஆட்களே போனார்கள். போனவர்களுடைய நாற்காலிகள் மட்டும் துறையிலேயே தங்கிவிட்டன. அவற்றின்மீது இப்போது விடைத்தாள் கட்டுகள் அமர்ந்திருக்கின்றன.

"உக்காருங்கம்மா. காப்பி சொல்லட்டுமா?" என்றார் முதல்வர்.

"செய்தியச் சொல்லுங்க ஐயா. காப்பி அப்புறம் ஆவட்டும்."

அவர் சொன்னது இது. வணிகவியல் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு இருந்த தமிழ்ப் பாடவேளைகளில் பாதியைப் பல்கலைக்கழகம் எடுத்துவிட்டது. அவ்விடத்தில் செயற்கை நுண்ணறிவு குறித்த அறிமுகப் பாடம் ஒன்று வருகிறது. குறுகிய பயிற்சி பெற்றுக்கொண்டால் எத்துறை ஆசிரியரும் அதை நடத்தலாம் என்பது விதி. கணினித் துறையினர் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். எஞ்சிய தமிழ்ப் பாடவேளைகள் ஓர் ஆசிரியருக்குத்தான் போதும்.

"அப்ப அந்தப் பொண்ணு?" என்றேன்.

"உங்க ஒருத்தருக்குத்தாம்மா ஹவர்ஸ் இருக்கு. இதுல கெஸ்ட் லெக்சரர்னு இன்னொருத்தர எப்படி வச்சுக்கறது?"

"நான் அந்தப் புதுப் பாடத்த எடுத்துக்கறேன். என் தமிழ் வகுப்ப அவ எடுக்கட்டும்."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா?"

"நாந்தான்."

"ஒரு வருஷம் பாப்போம்மா. பருவம் முடியறப்ப யுனிவர்சிட்டியிலேர்ந்து ஒருத்தர் வருவாரு. பசங்க செஞ்ச ப்ராஜெக்ட்டப் பாப்பாரு. அவரு சரின்னு எழுதுனா உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லன்னா கம்ப்யூட்டர்காரங்களுக்குப் போயிடும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

இதில் பெருந்தன்மை ஏதும் இல்லை. இன்னொரு நாற்காலியின்மீதும் விடைத்தாள் கட்டு ஏறுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அவ்வளவே.

எங்கள் துறையில் எஞ்சியிருந்த அந்த இளைய ஆசிரியை மாதா கோயிலுக்குப் பின்புறத் தெருவில் வசிக்கும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். முனைவர் பட்டம் பெற்றவர். கௌரவ விரிவுரையாளர் என்பது அவருடைய பதவியின் பெயர். ஏப்ரல் மாதத்தில் அவரைப் பணியிலிருந்து விடுவிப்பார்கள். சூன் மாதத்தில், மனம் இருந்தால், மீண்டும் அமர்த்துவார்கள். இடைப்பட்ட கோடை முழுவதும் அவர் எங்கள் கல்லூரியின் ஆசிரியர் அல்லர். நான் செய்துகொண்டுவந்த ஏற்பாட்டைக் கேட்டதும் அவர் நன்றி கூறவில்லை. "அம்மா, உங்களுக்கு முட்டி வலி. லேப் ரெண்டாவது மாடில இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

பயிற்சியின்போது நான் விளங்கிக்கொண்டது பெரிதாக ஒன்றுமில்லை. இயந்திரத்துக்கு எடுத்துக்காட்டுகளைக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றோடும் அதன் விடையையும் சொல்ல வேண்டும். போதிய அளவு காட்டினால், எது எதனின்று எவ்வாறு வேறுபடுகிறது என்பதை அது தானே பிடித்துக்கொள்ளும். பின்னர், அது முன்பு கண்டிராத எடுத்துக்காட்டுகளைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். இளைஞர் ஒருவர் திரையில் வண்ணப் படங்களைக் காட்டி இதனை உற்சாகமாக விளக்கினார். எனக்கு வியப்பு உண்டாகவில்லை. காட்டுவதும், விடை சொல்வதும், பிறகு சோதிப்பதுமாகவே என் காலம் கழிந்திருக்கிறது. இதையே இன்னொரு முறை, வேறொருவருக்கு, அதுவும் உயிரற்ற ஒன்றுக்குச் செய்ய வேண்டுமே என்னும் அயர்ச்சிதான் வந்தது. இயந்திரம் கற்கிறது என்று எழுத என் பேனா கூசியது. பாடக் குறிப்புகளில் எல்லா இடத்திலும் 'பழகுகிறது' என்றே எழுதினேன்.

எனக்கு ஒதுக்கப்பட்டது மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளை. கணினிக்கூடத்துக்குப் படியேறிச் சேர்வதற்குள் சொல்ல நினைத்த முதல் வாக்கியம் மூச்சோடு போய்விடும். கணினிகளுள் சில எழுந்திருக்கும், சில எழுந்திரா. மாணவர்களும் அவ்வாறே.

"தமிழம்மா கம்ப்யூட்டர் எடுக்கறாங்கடா," என்று முதல் நாளே பின்வரிசையில் ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. "அடுத்த வாரம் பி.டி. சார் வந்து அக்கவுண்ட்ஸ் எடுப்பாரு பாரு."

"ஏம்ப்பா, எடுத்தா உனக்கென்ன குறை? ஓடிக்கிட்டே கணக்குப் போடு," என்றேன். சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பின்வரிசைக்காரன் எதையும் என் காது கேட்கவே சொல்லத் தொடங்கினான்.

செய்முறைப் பணிக்குக் கத்தரிக்காயைத் தேர்ந்தவள் நான். ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டு அடுக்களையில் ஒருநாள் காலை, பளபளவென்றிருந்த காயொன்றை நறுக்கியபோது உள்ளே புழு நெளிந்தது. காம்பருகே ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். காய் வாங்கும்போது நம் கண் செய்ய வேண்டிய இவ்வேலையை இயந்திரத்தின் கண் செய்யுமா என்று பார்ப்போம் என்று தோன்றியது. ஆளுக்கு இருபது ஒளிப்படங்கள் எடுத்துவர வேண்டும். பாதி நல்ல காய், பாதி சொத்தை. பெரிய மார்க்கெட்டிலோ வீட்டிலோ, எங்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் தம் கைப்பேசியில் தாமே எடுக்க வேண்டும். இவற்றைச் சொல்லி அனுப்பினேன்.

குறித்த நாளுக்கு முன்னரே எல்லோருடைய படங்களும் வந்து சேர்ந்தன. எந்த வகுப்பிலும் அதற்குமுன் நான் காணாத நிகழ்ச்சி அது.

படங்களில் ஒரு பகுதியைச் சோதனைக்கென்று ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைக் கொண்டு இயந்திரத்தைப் பழக்கினோம். ஒதுக்கி வைத்தவற்றைக் கொடுத்துக் கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொன்னது. பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். இளைய ஆசிரியை அந்த எண்ணைத் தம் கண்ணால் பார்ப்பதற்காகவே இரண்டு மாடி ஏறி வந்தார். மறுநாள் கேக் வாங்கிவந்து துறையில் எனக்கும் அலுவலக உதவியாளருக்கும் கொடுத்தார். "இனிமே நீங்க கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் ஹெட்டும்மா," என்றார். அவர் அவ்வாறு வாய்விட்டுச் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது. அந்த ஆண்டு அவரது சூன் மாதம் முன்கூட்டியே வந்துவிட்டதாக நாங்கள் இருவரும் எண்ணிக்கொண்டோம்.

பல்கலைக்கழகத்தின் மேலாய்வாளர் வருவதற்கு முதல் நாள், பெரிய மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு கல்லூரிக்குச் சென்றேன். மறுநாள் காட்டுவதை ஒருமுறை ஒத்திகை பார்க்கலாம் என்று, பையோடு படியேறி, மாணவர்களும் இளைய ஆசிரியையும் கூடியிருக்க, கணினிக்கூடத்தின் நீல மேசை விரிப்பின்மேல் ஒரு நல்ல காயை வைத்து, படக்கருவியின் முன் காட்டினோம். திரையில் 'சொத்தை' என்று வந்தது. இன்னொரு நல்ல காய், சொத்தை. உண்மையான சொத்தை; அதுவும் சொத்தை. என் கண்ணாடிக் கூட்டை வைத்தேன். அதையும் சொத்தை என்றது.

"கண்ணாடி பழசாயிடுச்சுல்லம்மா, அதான்," என்றான் பின்வரிசைக்காரன். ஒருவரும் சிரிக்கவில்லை.

இளைய ஆசிரியை கணினியின் முன் அமர்ந்து, மாணவர்கள் தந்த படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் ஓட்டினார். சிறிது நேரம் கழித்து, "அம்மா, இந்தத் தட்ட இப்பதானே பாத்தோம்?" என்றார்.

எவர்சில்வர் தட்டு. விளிம்பில் ஒரு நசுங்கல். ஏதோ திருமணத்துக்கு வந்த அன்பளிப்பு என்பதைக் காட்டும் பொறித்த எழுத்துகள். அடுத்த மாணவனின் படங்களிலும் அதே தட்டு, அடுத்தவளுடையதிலும். சிலர் படத்தைத் தலைகீழாக்கியிருந்தார்கள். சிலர் ஓரத்தை வெட்டியிருந்தார்கள். ஒருவன் வெளிச்சத்தைக் கூட்டியிருந்தான். வகுப்பு முழுவதும் ஒரே வீட்டின் ஒரே கூறு கத்தரிக்காயைத்தான் எனக்குக் கொடுத்திருந்தது.

"யாரூட்டுத் தட்டு இது?"

பிள்ளைச்சாவடியிலிருந்து வரும் மாணவி எழுந்தாள். வகுப்பில் குறிப்பெடுப்பவள் அவள் ஒருத்திதான். "எங்கூட்டுதும்மா. நான் நீங்க சொன்ன மாதிரிதான் எடுத்தேன். எல்லாரும் அனுப்புடி அனுப்புடின்னாங்க. அனுப்புனேன்."

"நல்ல காயெல்லாம் தட்டுல இருக்கு. சொத்தையெல்லாம் செய்தித்தாள்ல இருக்கே, அது ஏன்?"

"எங்கம்மா திட்டுச்சும்மா. சோறு திங்கற தட்டுல புழுவ வைக்கிறியாடின்னு தட்டப் புடுங்கிட்டுப் போயிடுச்சு. அதான் பேப்பர்ல வச்சு எடுத்தேன்."

அந்தத் தாயின்மேல் என்னால் குறை காண இயலவில்லை. என் வீட்டிலும் எவரும் உண்ணும் தட்டில் புழுவை வைக்க விட்டிருக்க மாட்டேன். இப்போது எல்லாம் விளங்கிற்று. இயந்திரம் கத்தரிக்காயைப் பார்க்கவே இல்லை. தட்டு இருந்தால் நல்லது, தட்டு இல்லாவிட்டால் சொத்தை என்று பழகியிருந்தது. சோதனைக்கென்று நாங்கள் ஒதுக்கி வைத்தவையும் அதே படங்களின் படிகளே ஆகையால் தொண்ணூற்றெட்டு வாங்கியிருந்தது. நீல விரிப்பில் எதை வைத்தாலும் அதற்குச் சொத்தைதான்.

"நீங்கள்லாம் ஏம்ப்பா எடுக்கல?" என்று மற்றவர்களைக் கேட்டேன்.

"ரெக்கார்டு நோட்டு மாதிரின்னு நெனச்சுட்டோம்மா," என்றான் பின்வரிசைக்காரன். "ஒருத்தர் போட்டா எல்லாரும் போடறதுதானே. ஆனா அப்படியே போடலம்மா. திருப்பிப் போட்டோம்."

"கத்தரிக்காயத் திருப்பிப் போட்டா வேற கத்தரிக்காய் ஆயிடுமாப்பா?"

"வதக்கறப்ப திருப்பித் திருப்பித்தானம்மா போடுவாங்க."

இம்முறை சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டேன். செய்முறை ஏட்டை ஒருவர் எழுத அனைவரும் பார்த்தெழுதுவது இக்கல்லூரியில் சுவரின் சுண்ணாம்பைப் போல ஊறிப்போன வழக்கம். அதற்கு ஆசிரியர்கள் கையெழுத்திடுவதும் அதே வழக்கத்தின் மறுபாதி. இந்தப் பிள்ளைகள் தவறு செய்கிறோம் என்று அறிந்து செய்யவில்லை. செய்முறை என்றால் இதுதான் என்று பழகியிருந்தார்கள்.

மறுநாள் காலை மேலாய்வு. புதிதாகப் படமெடுத்து இயந்திரத்தை மீண்டும் பழக்க நேரமில்லை. மாணவர்கள் போனபின் இளைய ஆசிரியை நாற்காலிகளை ஒழுங்கு செய்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அந்தத் தட்ட நாளைக்கு எடுத்தாரச் சொல்லிட்டேம்மா."

"எதுக்கு?"

"நல்ல காயத் தட்டுல வைப்போம். சொத்தையப் பேப்பர்ல வைப்போம். மெஷின் சரியாத்தான் சொல்லும். யாருக்குத் தெரியப் போவுது?"

போகவிருப்பது அவருடைய வேலை. வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருவரும் விளக்குகளை அணைத்துவிட்டு இறங்கினோம்.

மேலாய்வாளர் ஏறக்குறைய என் வயதினர். படியேறி வந்த களைப்பில் முதலில் தண்ணீர் கேட்டார். அவ்வாரம் முழுவதும் கல்லூரி கல்லூரியாகச் சென்றுகொண்டிருந்தாராம்; கண்ணின்கீழ் அது தெரிந்தது. இளைய ஆசிரியை தட்டில் ஒரு நல்ல காயை வைத்தார். திரையில் 'நல்லது' என்று வந்தது. செய்தித்தாளில் ஒரு சொத்தைக் காயை வைத்தார். 'சொத்தை' என்று வந்தது. மேலாய்வாளர் தலையசைத்துவிட்டுப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"பர்சன்டேஜ் எவ்ளோ?"

"தொண்ணூத்தெட்டு சார்," என்றான் பின்வரிசைக்காரன், இப்போது முன்வரிசையில் நின்றுகொண்டு.

"போற எடமெல்லாம் தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்பதுதான்." அவர் குரலில் பாராட்டும் இல்லை, ஐயமும் இல்லை. மேசையின்மேல் குனிந்தார்.

பொருள்களை எடுத்து வைப்பவர் போல நகர்ந்த இளைய ஆசிரியை, செய்தித்தாளின் மேலிருந்த சொத்தைக் காயை எடுத்துத் தட்டில் வைத்தார். திரை 'நல்லது' என்றது. அவர் கத்தியால் அக்காயைத் தட்டிலேயே இரண்டாகப் பிளந்தார். புழு வெளியே வந்தது.

"இது தட்டத்தான் பாக்குது சார். கத்திரிக்காயப் பாக்கல," என்றார்.

"ஐயோ, எங்கம்மா பாத்தா என்னைக் கொன்னே போட்டுடும்," என்று பிள்ளைச்சாவடி மாணவியின் குரல் பின்னாலிருந்து எழுந்தது.

மேலாய்வாளர் நிமிர்ந்து தட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு அந்த மாணவியை அழைத்துக் கேட்டார். தாய் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனதை அவள் சொன்னாள். திருப்பிப் போட்டதைப் பின்வரிசைக்காரன் சொன்னான். நல்லவேளையாக வதக்குவதைப் பற்றிச் சொல்லவில்லை. இயந்திரம் எதைப் பிடித்துக்கொண்டது, எண் ஏன் அவ்வளவு உயர்ந்தது என்பதைக் கேள்வி கேட்கக் கேட்க அவர்களே இருவரும் மாறி மாறி விளக்கினார்கள். பருவம் முழுவதும் நான் சொல்லியும் ஏறாத பாடம் முந்தைய நாள் மாலைதான் அவர்களுக்கு ஏறியிருந்தது போலும்.

"நீங்களே ஏம்மா இதக் காட்டுனீங்க?" என்று அவர் இளைய ஆசிரியையிடம் கேட்டார். "நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேனே."

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலாய்வாளர் பேனாவை மூடினார். "ஆளாளுக்குப் புதுசா போட்டோ எடுக்கட்டும். திரும்ப ட்ரெயின் பண்ணி, வர்ற ரிசல்ட்ட அப்படியே அனுப்புங்க. பாத்துட்டு எழுதறேன். இப்ப ஒண்ணும் எழுத மாட்டேன்."

படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றேன். நான் கேட்காமலே இளைய ஆசிரியை சொன்னார்.

"கையெழுத்துப் போட்டிருந்தார்னா வருஷா வருஷம் அந்தத் தட்டத் தூக்கிட்டு வரணும்மா. ஏற்கெனவே வருஷா வருஷம் ஆர்டர் வருமா வராதான்னு உக்காந்திருக்கேன். ரெண்டையும் என்னால தூக்க முடியாது."

பிள்ளைகள் இம்முறை தாமே படமெடுத்து வந்தார்கள். முறத்தில், வாழையிலையில், உள்ளங்கையில், இருசக்கர வண்டியின் இருக்கையில், கரையேற்றிய படகின் பலகையில் என்று கத்தரிக்காய்கள் வந்தன. கண்டிப்பு மிக்க தாய்மாரின் வீடுகளில் சொத்தைகள் துணி துவைக்கும் கல்லின்மேல் கிடந்தன. நல்ல காய்களையும் அதே கல்லில் வைத்து எடுத்துவரும்படி அவர்களைத் திருப்பி அனுப்பினேன். இயந்திரம் நூற்றுக்கு எழுபதை ஒட்டிச் சரியாகச் சொன்னது. நல்ல காய் சிலவற்றைச் சொத்தை என்றது. சொத்தை சிலவற்றை நல்லது என்றது. பெரும்பாலும் நானும் அப்படித்தான் வாங்கிவருகிறேன். அந்த எண்ணை அப்படியே அனுப்பினோம்.

விடை வரவில்லை. தேர்வுகள் வந்தன, விடைத்தாள்கள் வந்தன. ஏப்ரலில் வழக்கம்போல் இளைய ஆசிரியையைப் பணியிலிருந்து விடுவித்தார்கள். அவர் தம் மேசை இழுப்பறையைக் காலி செய்து, திறவுகோலை என்னிடம் கொடுத்தார். மே மாதத்து வெயிலில் எப்போதாவது தொலைபேசியில் அழைப்பார்.

"ஏதாச்சும் வந்துச்சாம்மா?"

"வரலம்மா."

"சரிம்மா. வெயில்ல வெளிய போவாதீங்க."

இவ்வளவுதான் உரையாடல். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ, 'வரலம்மா' என்பதைச் சொல்லக் கூசி, அழைப்பு வந்ததும் வெயிலைப் பற்றி நானே முதலில் பேசத் தொடங்கினேன். அவரும் புரிந்துகொண்டு வெயிலைப் பற்றியே பேசினார்.

கல்லூரி திறப்பதற்குச் சில நாள் முன்பு முதல்வர் என்னை அழைத்தார். இம்முறையும் காப்பி சொல்லட்டுமா என்று கேட்டார். இம்முறை வேண்டும் என்றேன். பாடம் எங்களிடமே இருக்கலாம் என்று மேலாய்வாளர் எழுதியிருந்தார். ஓராண்டுக்கு மட்டும்; பருவ முடிவில் மீண்டும் வந்து பார்ப்பாராம். ஆகவே இளைய ஆசிரியையின் பணியும் ஓராண்டுக்கு நிலைக்கும்.

"சந்தோஷம்தானே?" என்றார் முதல்வர்.

முட்டியைத் தடவிக்கொண்டு, "ஆமாம் ஐயா," என்றேன். பொய்யில்லை. ஆனால் மகிழ்ச்சியைவிட முன்னால் அந்தப் படிக்கட்டுதான் நினைவுக்கு வந்தது.

இளைய ஆசிரியை செய்தியைக் கேட்டுவிட்டு, "ஒரு வருஷமா? சரிம்மா," என்றார். மறுநாள் வந்து, தம் நாற்காலியின்மீது கோடையில் எவரோ வைத்துவிட்டிருந்த கட்டைப் பக்கத்து நாற்காலிக்கு மாற்றி, தூசி துடைத்து உட்கார்ந்தார். மேசை இழுப்பறையின் திறவுகோலை அவர்முன் வைத்தேன்.

புதிய மாணவர்களுக்கு இயந்திரம் ஏமாந்த விதத்தை முதல் வாரத்திலேயே காட்டிவிடுவோம் என்று முடிவு செய்து, இருவரும் காலையில் பெரிய மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கச் சென்றோம். நான் குனிந்து, காம்பருகே துளை இருந்த காய்களாகத் தேடி எடுத்து ஒரு பையில் போட்டேன். கடைக்காரப் பெண் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, படிச்சவங்களா இருக்கீங்க, சொத்தையாப் பாத்துப் பொறுக்குறீங்க? மாட்டுக்கா?"

"இல்ல, புள்ளைங்களுக்கு."

"புள்ளைங்களுக்கா!" என்று அவள் என் கையிலிருந்த காயைப் பிடுங்கிக்கொண்டாள். "நல்லாருக்குதே ஞாயம்! தோ, இந்தக் கூடையில பாத்து எடு."

இளைய ஆசிரியை சிரிப்பை அடக்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல காய்களையும் வாங்கி, அவளைச் சமாதானப்படுத்தி, அவள் பார்க்காதபோது இரண்டு சொத்தைகளையும் எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். கல்லூரிப் படிக்கட்டின் கீழே வந்ததும் அவர் கையை நீட்டினார்.

"பையக் குடுங்கம்மா. ரெண்டாவது மாடி."

கொடுத்தேன். அவர் முன்னே ஏறினார். நான் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு பின்னே ஏறினேன்.